ஒன்பது விநாடித் தூக்கம்

முதலியார்பேட்டை,
ஜூலை 6, ஞாயிறு.

அன்புத் தம்பி வெற்றிவேலுக்கு,

அக்கா அமுதவல்லி எழுதுவது. இங்கே அம்மா, மாமா, பாப்பா, நான் எல்லோரும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது நர்சிங் ஹாஸ்டலில் இருந்தபோது. இப்போது பேனாவைப் பிடித்தால் கேஸ் ஷீட் எழுதுவதுபோல் வருகிறது, பொறுத்துக்கொள். அந்த விஷயத்தைப் போனில் பேசக்கூடாது, வாட்ஸ்அப்பில் ஒரு எழுத்துகூடப் போடக்கூடாது என்று உன் வக்கீல் சொன்னதாக மாமாவிடம் சொன்னாயாம். சரி, தபாலுக்கு அவர் தடை போடவில்லை. போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

அம்மாவிடம் நீ டெல்லிக்குப் பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறோம். 'இவ்ளோ வருஷம் ஓட்டினவனுக்கு இன்னும் என்னா பயிற்சி' என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். மாமா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார். பாப்பாவுக்கு வலது காது ஆறிவிட்டது. இடது காதுதான் சிவந்து சீழ் வைத்திருக்கிறது. மருந்து போடுகிறேன்.

வியாழக்கிழமை விசாரணை அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். வீட்டில் உள்ளவர்களையும் ஒரு வார்த்தை கேட்பார்களாம். இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை பகலில் உங்கள் தம்பி எங்கே இருந்தார் என்று கேட்டார். நான் பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் பருப்புச் சோறு. 'சென்னையிலதான் இருந்திருப்பாருங்க, ட்யூட்டி இருந்துச்சே' என்று சொல்லிவிட்டேன். அவர் நன்றி சொல்லி, தன் நம்பரைக் கொடுத்து, வேறு ஏதாவது நினைவுக்கு வந்தால் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டார். பாப்பா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கை எழவில்லை. பொய் சொல்ல ஒரு நொடிகூட யோசிக்கவில்லையே என்பதுதான் இன்னும் திகைப்பாக இருக்கிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் தம்பி. அன்று மண்டபத்தில் நூற்றைம்பது பேர் சாப்பிட்டார்கள். காதுகுத்தில் தாய்மாமன் எங்கே இருந்தான் என்று யாரிடம் மறைப்பது?

நீ முதலிலேயே சொன்னாய். வியாழன் இரவு வளைகுடாவுக்குப் போய் வெள்ளி விடியற்காலைதான் சென்னையில் இறங்குவேன், அன்று இரவே மறுபடி பறக்க வேண்டும் என்றாய். 'பகல்ல தூங்கலன்னா முடியாதுக்கா, வடிவேல மடியில வச்சுக்கச் சொல்லு, அவனும் மாமன்தானே' என்றாய். நான் கேட்டேனா? கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, கூடப்பிறந்தவன் மடி இருக்கும்போது பெரியப்பா மகன் மடி எதற்கு என்று கத்தினேன். 'நீ வரலன்னா குத்தவே வேணாம், மூளிக்காதோடயே வளரட்டும்' என்றேன். நீ விமான நிலையத்திலிருந்து நேராகக் காரை எடுத்துக்கொண்டு வந்தாய். மூன்று மணி நேரம் தனியாக ஓட்டி, எட்டு மணிக்கு மண்டப வாசலில் சீர்த்தட்டோடு நின்றாய். கண் ரத்தச் சிவப்பாக இருந்தது. நர்ஸ் நான். பார்த்தேன். பார்த்துவிட்டு, 'சட்டைய மாத்து, போட்டோல நல்லா இருக்கணும்' என்றேன்.

பத்தர் வலது காதில் குத்தியதும் பாப்பா வீறிட்டாள். நீ அவளை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து. வீடியோ எடுத்துக்கொண்டிருந்த என் நாத்தனார் நிர்மலாதேவி, 'மாமன் தூங்குறாரு பாருங்க' என்றாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். 'எழுப்பாதீங்க, பாவம்' என்று வேறு சொன்னேன். பத்தர் இடது காதில் ஊசியை வைத்த நேரம் பார்த்து நீ திடுக்கிட்டு எழுந்தாய், ஊசி ஒரு நெல் அளவு கீழே இறங்கிவிட்டது.

மதியம் பந்தியில் உன்னை விடவில்லை. மூன்று மணிக்குத்தான் கிளம்பினாய். எட்டேகால் மணிக்கு விமான நிலையத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். காகிதத்தில் உனக்குப் பதினைந்து மணி நேரம் ஓய்வு. அதில் நீ தூங்கியது என் பெண்ணின் காது குத்தும்போது மட்டும்தான்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நீ போனில் அழுததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்று விடிந்ததும் மழை மேகத்துக்குள் ஒரு மலை ஊரில் இறங்கும்போது, தரை நெருங்கினால் கத்துகிற கருவி 'டெரைன், டெரைன், புல் அப்', தரை, மேலே ஏற்று என்று கத்தியதாகச் சொன்னாய். 'அந்த எடத்துல அது சும்மாவே கத்தும்க்கா, அப்படித்தான் நெனச்சேன்' என்றாய். மேகம் விலகியபோது ஓட்டு வீடு தெரிந்தது, வாசலில் ஒருவர் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்றாய். உள்ளே நூற்று அறுபத்தெட்டு பேர், எப்படியோ மேலே ஏறித் தப்பினீர்கள். நான் கேட்டது ஒன்றுதான், தூங்கிட்டியா என்று. 'தெரியலக்கா' என்றாய்.

அன்று தெரியவில்லை என்றவன், இப்போது சென்னை வீட்டில் பகலில் எட்டு மணி நேரம் தூங்கியதாக எழுதிக் கொடுத்திருக்கிறாய். மாமாவைக் கூப்பிட்டு, 'அக்காகிட்ட சொல்லி அந்த வீடியோவ அழிச்சிடச் சொல்லுங்க' என்றாயாம். நிர்மலாவிடமிருந்து வாங்கி அவள் போனில் அழித்துவிட்டேன். என் போனில் இன்னும் இருக்கிறது. ஏன் வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை. லைசென்ஸ் போனால் உனக்கு வேறு தொழில் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. பதில் எழுது, இரண்டு வரி போதும்.

உன் அக்கா,
அமுதவல்லி


முதலியார்பேட்டை,
ஜூலை 12, சனி.

அன்புத் தம்பிக்கு,

பதில் வரவில்லை. வந்து சேர்ந்ததாக ஸ்பீட் போஸ்டில் காட்டுகிறது, நீ தங்கியிருக்கும் வீட்டு நண்பர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். படித்திருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

வீட்டு விஷயம் முதலில். மாமாவுக்குச் சளி. பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இடது காதில் தோட்டைக் கழற்றிவிட்டேன், டாக்டர் அம்மா திட்டினார்கள். அம்மா உனக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறார்கள், 'பயிற்சி முடிஞ்சி வரும்போது எடுத்துக்கட்டும்' என்கிறார்கள்.

வியாழக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டினேன். ஒரு பெண் வந்து, 'வெற்றிவேல் கேப்டனோட அக்காங்களா' என்று கேட்டாள். ஒல்லியாக, முடியைப் பின்னால் இறுக்கிக் கட்டி, கையில் ஒரு துணிப்பை. அஞ்சலி. உன் பக்கத்து இருக்கையில் இருந்த பெண். குருசுக்குப்பம் லூர்துநாதன் மகள் என்று நீதான் முன்பு பெருமையாகச் சொல்வாய், நம்ம ஊர்ப் பொண்ணுக்கா, அவங்கப்பா நோணாங்குப்பத்துல படகு ஓட்டுறாரு, இவ மேல ஓட்டுறா என்று.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சாட்சி கேட்க வந்துவிட்டாள் என்று நினைத்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் சொன்ன முதல் வார்த்தையே, 'நம்பரத் தப்பா வச்சது நான்தான்க்கா. அத மறைக்க வரல' என்பதுதான்.

அவள் சொல்லித்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. இறங்குகிற இடத்தில் காற்றின் அழுத்தம் என்ன என்று கீழே இருப்பவர்கள் ஒரு எண் சொல்வார்கள். அதை வைத்துத்தான் விமானத்தில் உயரம் காட்டுகிற கருவி கணக்குப் போடும். ஆயிரத்து நான்கு என்று சொன்னார்கள், அவள் ஆயிரத்துப் பதினான்கு என்று வைத்துவிட்டாள். அந்தப் பத்தினால் கருவி காட்டியதைவிட முந்நூறு அடி கீழே போய்க்கொண்டிருந்தீர்கள். ஒருவர் வைத்தால் மற்றவர் தன் பக்கம் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். நீ 'செக்டு' என்று சொன்னாயாம். 'திரும்பிப் பாக்கவே இல்லக்கா. குரல் மட்டும் வந்துச்சு' என்றாள்.

கருவி கத்த ஆரம்பித்ததும் உன்னைப் பார்த்தாளாம். கண் திறந்திருந்தது, கை அசையவில்லை. கேப்டன் என்று இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். பிறகு அவளே பிடித்து மேலே ஏற்றியிருக்கிறாள். ஏழு விநாடி இருக்கும் என்றாள். அந்த விமானம் அன்று மதியமே மறுபடி பறந்து, பழைய பேச்சின் மேல் புதியது பதிந்துவிட்டதால் உள்ளே பேசியது பதிவில் இல்லையாம். நீ எழுதிக் கொடுத்ததில், எண் தவறு என்று கண்டுபிடித்து ஏற்றச் சொன்னதே நீதான் என்று இருக்கிறதாம். கம்பெனிக்கும் அது வசதி. தூக்கம், ட்யூட்டி நேரம் என்று பேச்சு எழாது. கற்றுக்குட்டிப் பெண் ஒரு எண்ணைத் தப்பாக வைத்தாள், கதை முடிந்தது.

அவள் அந்தத் துணிப்பையை என் மடியில் வைத்தாள். நம் தாம்பூலப் பை, தம்பி. மஞ்சள் பை. காதணி விழா, ஜூன் 27 வெள்ளிக்கிழமை, முதலியார்பேட்டை, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், தங்கள் வருகைக்கு நன்றி, தாய்மாமன் வெற்றிவேல். அன்று இரவு விமானத்தில் ஏறியதும் நீயே கொடுத்தாயாம், 'அக்கா பாப்பாவுக்குக் காது குத்து, அங்கிருந்துதான் நேரா வரேன், லட்டு சாப்பிடு' என்று. ஊருக்கெல்லாம் பொய் எழுதினாய், ஆனால் விசேஷ வீட்டிலிருந்து வருகிறவன் பக்கத்தில் உட்காருபவருக்குத் தாம்பூலம் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. அம்மா வளர்ப்பு அப்படி.

விசாரணையில் இதை ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். 'நான் சொன்னா என் தப்ப மறைக்க அவர மாட்டி விட்ட மாதிரி ஆயிடும்க்கா. அவரே சொல்லணும்' என்றாள். டீ டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, 'இது வீட்ல இருந்தா தினமும் கை போவுது. யார்கிட்டயாவது காட்டிடலாமான்னு. அதான் உங்ககிட்டயே குடுத்துடலாம்னு' என்றாள். டீக்கு அவளே காசு கொடுத்தாள். அவள் போன பிறகு பார்த்தேன், டம்ளர் அப்படியே இருந்தது, ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவைப் போட்டேன். நாடி பார்க்கிற என் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். பாப்பா வீறிட்டதிலிருந்து நீ கண் திறக்கிற வரைக்கும் ஒன்பது விநாடி. உன் தொடை மேல், உன் நெஞ்சில் முட்டிக்கொண்டு ஒரு பிள்ளை கத்துகிறது, ஒன்பது விநாடி உனக்குக் கேட்கவில்லை. அந்த ஒன்பது விநாடியும் என் சிரிப்புச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது.

உன்னைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ரத்தம் ஏற்றும்போது நாங்களும் இரண்டு பேர்தான் பார்ப்போம். ஒருவர் பையிலுள்ள எண்ணை வாசிக்க, மற்றவர் சீட்டைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்பு, ஆள் இல்லாமல் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்த நாளில், சுமலதா வாசித்தாள். நான் சீட்டைப் பார்க்காமலேயே சரி என்றேன். அடுத்த கட்டில்காரருடைய பை அது. நான்கைந்து சொட்டு இறங்கியதும் அந்த அம்மாவுக்கு நடுக்கம் வந்தது, உடனே நிறுத்தினோம், பிழைத்துக்கொண்டார்கள். மேட்ரன் கேட்டபோது, நான் சீட்டைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது, பிறகு பையை மாற்றி மாட்டியிருப்பாள் என்றேன். சுமலதாவைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகளை இங்கே மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனாள். போகிற அன்று என்னிடம் வந்து, 'வரேன் அமுதா' என்று மட்டும் சொன்னாள். பார்க்காமல் சொல்கிற அந்தச் சரி எப்படி வாயில் வருகிறது என்று எனக்குத் தெரியும் தம்பி. அதற்குப் பிறகு சோறு இறங்காமல் இருப்பதும் தெரியும்.

இந்த முறையாவது எழுது.

அன்புடன்,
அக்கா


முதலியார்பேட்டை,
ஜூலை 18, வெள்ளி.

அன்புத் தம்பி வெற்றிக்கு,

உன் பதில் நேற்று கிடைத்தது. நான்கே வரி. 'அக்கா, ஒருமுறை உண்மை சொல்லிப் பார்த்தேன். இனி முடியாது. வீடியோவையும் பையையும் எரித்துவிடு. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.' படித்துவிட்டு அடுப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில்தான் கேஸ் அடுப்பு.

ஒருமுறை சொன்னேன் என்று நீ எழுதியது மார்ச் மாத விஷயம்தானே. களைப்பாக இருக்கிறது, பறக்க முடியாது என்று சொல்ல விமானிக்கு உரிமை உண்டு என்று நம்பிச் சொன்னாய். உன்னை அலுவலகத்தில் உட்காரவைத்து, மூன்று பேர் வீட்டில் என்ன பிரச்சனை, குடிப்பீர்களா என்று கேட்டார்கள். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை நீ வாயைத் திறக்கவில்லை. அது அவர்கள் தப்பு. வா என்று கத்தியது என் தப்பு. இந்த இரண்டையும் நீ விசாரணையில் சொல்லலாம், என் பெயரையும் சேர்த்தே சொல். ஆனால் அஞ்சலியின் தப்பு ஒரு எண். அதற்கு மேல் ஒரு பிடி மண்ணைக்கூட அவள் தலையில் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை நான் காரைக்காலுக்குப் போய் வந்தேன். மாமாவிடம்கூட முதலில் சொல்லவில்லை. சுமலதா குவார்ட்டர்ஸ் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன், அன்று நான் சீட்டைப் பார்க்கவில்லை என்று. அவள் கிளிப்பை மாட்டிக்கொண்டே, 'தெரியும் அமுதா. அப்பவே தெரியும்' என்றாள். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் கடலூர் வரை அழுதேன். மன்னிப்பெல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை மேட்ரனிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மெமோ வரும், வரட்டும். அன்று வீட்டுக்கு வந்து ஏழு மணி நேரம் தூங்கினேன். மாமா பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தாராம்.

இப்போது நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். பிறகு அக்கா முதுகில் குத்திவிட்டாள் என்று நினைக்காதே, முன்னாலேயே சொல்கிறேன். இருபத்திரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு உன் விசாரணை. அன்று மாலை நான்கு மணிக்கு அந்த அதிகாரிக்கு நான் போன் செய்வேன். அன்றைக்கு நான் சொன்னது பொய், என் தம்பி எட்டு மணியிலிருந்து மூன்று மணி வரை என் கண் முன்னால் இருந்தான் என்று சொல்வேன். வீடியோ கேட்டால் கொடுப்பேன். பதினோரு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் ஐந்து மணி நேரம் இருக்கிறது. அதற்குள் நீயே சொல்லியிருந்தால் என் போன் வெறும் சாட்சி. இல்லாவிட்டால் அது காட்டிக்கொடுப்பது. எதுவாக ஆக வேண்டும் என்பது உன் கையில் இருக்கிறது.

இதனால் உன் வேலை போகலாம். நான் அதை லேசாக நினைக்கவில்லை. பன்னிரண்டு வயதில் லாஸ்பேட்டை விமானத் தளத்துக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு எப்போதாவது வருகிற ஒரு விமானத்துக்காகப் பசியோடு நின்ற பையன் நீ. உன்னைக் காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தவள் நான். ஆனால் நீ சொன்ன அந்த ஓட்டு வீட்டு வாசலில் நின்றவரை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவருக்கு உன் பெயர்கூடத் தெரியாது. அஞ்சலி ஏழு விநாடியில் செய்ததை ஒன்பது விநாடியில் செய்திருந்தால் என்று கணக்குப் போட்டுப் போட்டு எழுந்து உட்காருகிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பயிற்சி இல்லை, விசாரணை என்று. பாப்பாவின் இடது காதைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு, 'புள்ள தூக்கத்துல இருந்துச்சுன்னா, எழுப்பாத நம்ம மேலதான் தப்பு' என்றார்கள். பிறகு ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றி, இதையும் அனுப்பு என்று கொடுத்தார்கள். பார்சலில் வைத்திருக்கிறேன்.

மஞ்சள் பையும் அதில்தான் இருக்கிறது. எரிக்கவில்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. அஞ்சலி எனக்குக் கொடுத்ததை நான் உனக்கு அனுப்புகிறேன், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை உள்ளே போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போனாலும் சரி, மேசை மேல் வைத்தாலும் சரி.

இன்னொரு செய்தி. பாப்பாவின் இடது காதுத் துளை தூர்ந்துவிட்டது. மறுபடி குத்த வேண்டும் என்கிறார் பத்தர். வடிவேல் தானாகவே வந்து, 'நான் வேணா உக்காரட்டாக்கா' என்று கேட்டான். வேண்டாம் என்றுவிட்டேன். ஒற்றைத் தோட்டோடு பிள்ளை வீடெல்லாம் தவழ்கிறாள், பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள், மாமன் வரணும் என்று சொல்கிறேன்.

இந்த முறை காதுகுத்துக்கு நான் தேதி குறிக்க மாட்டேன். மண்டபம் இல்லை, பந்தி இல்லை, வீடியோ இல்லை. எல்லாம் முடிந்து, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டுக்கு வா. நடு அறையில் பாய் போட்டு, பேன் போட்டு, பாப்பாவைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன். ஒருவரும் எழுப்ப மாட்டோம். நீயாக எழுந்து வந்து, போதும்க்கா, நல்லா தூங்கிட்டேன் என்று என்றைக்குச் சொல்கிறாயோ, அன்றைக்குப் பத்தரைக் கூப்பிடுகிறேன்.

அந்த நாளைக் காண, மேலே இருக்கிற நம் அப்பா உனக்குத் துணையிருக்கட்டும்.

உன்னை ஒருமுறை எழுப்பாமல் விட்ட
அக்கா அமுதவல்லி